ஒன்பது பச்சை

கேமராவை ஆய்வக ஹூட்டின் மேல்விளிம்பில் பொருத்தித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தது அவளுடைய சொந்தத் தங்கை. வடிகட்டிய காற்று முகத்தில் வீசும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பதினான்கு வருடமாக அக்காக்காரி உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை அவள் தோளுக்கு மேலே கை நீட்டி யாரும் எதையும் மாட்டியதில்லை. தீயில் காட்டிய இடுக்கி ஆறுவதற்காகக் காத்திருந்தாள். தங்கையின் அங்கி முனை காதில் உரசியது. நகர்ந்துகொள்ளவில்லை.

"நீ எப்பவும் போலப் பண்ணு. கேமரா இருக்கறதையே மறந்துடு."

"முகமும் தெரியணுமா மேடம், கை மட்டும் போதுமா?"

பக்கத்து ஹூட்டில் இருந்த, மூக்குக்கண்ணாடி போட்ட டெக்னீஷியன், கண்ணாடிக்காரன், பாட்டிலுக்குள் தலையே போய்விடும்போலக் குனிந்துகொண்டான். தங்கை கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டில் அவர்கள் பெரியவளும் சின்னவளும். ஆய்வகத்தில் ஒருத்தி டெக்னீஷியன், மற்றவள் திட்டத் தலைவி. இரண்டு வருடத்துக்கு முன்னால் சின்னவள் டாக்டர் பட்டத்தோடு இங்கே வந்து சேர்ந்த முதல் நாள், பெரியவள் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க மேடம்" என்று விளையாட்டாகச் சொன்னாள். சின்னவள் சிரித்திருக்கலாம். 'சீ, போக்கா' என்றிருக்கலாம். சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ம்" என்றாள். அன்றோடு விளையாட்டு முடிந்துபோயிற்று, 'மேடம்' மட்டும் தங்கிவிட்டது.

ஆப்பிள் மரத்தில் இலையிலும் காயிலும் கரும்புள்ளி விழுகிற நோய் ஒன்று உண்டு. காட்டு ஆப்பிள் ஒன்றை அந்த நோய் தொடுவதில்லை. அந்தக் காட்டு மரத்தின் மரபணு ஒன்றைத் தோட்டத்து ஆப்பிளுக்குள் புகுத்தி, நோய் தாங்கும் மரத்தை உண்டாக்குவதுதான் சின்னவளின் திட்டம். மரபணு புகுத்திய தளிர்கள் பாட்டிலுக்குள் சத்துக் கூழில் நின்றபடி வளர்ந்தன, கிளைத்தன. வேர் மட்டும் விடவில்லை. வேர் விடாத தளிர் எத்தனை செழிப்பாக இருந்தாலும் பாட்டிலோடு சரி, மண்ணுக்கு வர முடியாது. மற்ற இரண்டு பேர் நட்டவற்றில் நூற்றுக்குப் பத்து பன்னிரண்டு வேர் விட்டன. பெரியவள் நட்டவற்றில் எழுபது.

அவள் எதையும் ஒளிக்கவில்லை. கணுவுக்குக் கீழே ஒரே வெட்டு, அதே இடத்தில் இரண்டாம் முறை கத்தி படக்கூடாது. வேரைத் தூண்டும் கூழில் தளிரை அழுத்தாமல் நிற்கவைக்க வேண்டும். ஆறு நாள் கறுப்புத் துணி மூடி இருட்டில், ஏழாம் நாள் வெளிச்சத்தில். எல்லாம் நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அவர்களுக்கு வரவில்லை. "நோட்டுல எழுதாத ஏதோ ஒண்ணு இருக்கு" என்று சின்னவள் முதலில் சொன்னபோது பெரியவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கேமரா வந்த பிறகுதான் அந்தப் பேச்சின் உள்ளர்த்தம் உறைத்தது.

மூன்று நாள் படம் பிடித்தார்கள். படத்தில் ஒன்றும் அகப்படவில்லை. அதற்கடுத்த வாரம் வேர்விட்ட செடிகளில் நாற்பதைப் பொறுக்கி, செடிக்கு ஓர் இலை கிள்ளி, மரபணு இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பினாள் சின்னவள். முடிவு வந்த அன்று மாலை அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். உட்காரச் சொல்லவில்லை. மேசைமேல் ஒரு கறுப்புப் படம் கிடந்தது. நாற்பது கட்டங்கள். மரபணு இருந்தால் வெள்ளைக் கோடு விழும். மூன்றில்தான் விழுந்திருந்தது.

"முப்பத்தேழு செடி வெறும் சாதா ஆப்பிள்" என்றாள் சின்னவள். "சாதாச் செடிக்கு வேர் விடறது ஒரு பெரிய விஷயமே இல்ல. இப்பப் புரியுது, உன் கைராசி எங்கேருந்து வந்துச்சுன்னு."

பெரியவளுக்கு ஒரு நிமிடம் எதுவும் பிடிபடவில்லை. "என்ன சொல்றே?"

"மாத்தி வெச்சிருக்கே. என் தளிரை எடுத்துட்டு சாதாத் தளிரை நட்டிருக்கே."

"எதுக்குடி நான் மாத்தணும்?"

"எல்லாரும் உன்னை ஆஹான்னு சொல்லணும்னு. சின்ன வயசுலேருந்து அதானே. கோலம் போட்டாலும் பெரியவ கை, தைச்சாலும் பெரியவ கை. நான் கண்ணு எரிய எரியப் படிச்சுட்டு வந்தா, இங்கயும் இயக்குநர் எங்கிட்டயே சொல்றார், உங்க அக்கா கையில ஏதோ இருக்குன்னு. என்ன இருக்குன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

இந்தக் கசப்பை அவள் எத்தனை வருடமாக வாய்க்குள் வைத்திருந்தாளோ என்று பெரியவள் நினைத்தாள். இரக்கம் வரவில்லை. கைகளை அங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"தாய்ப் பாட்டிலைச் சோதிச்சுப் பாரு" என்றாள். தளிர்களைக் கிள்ளி எடுக்கிற மூலப் பாட்டில்களைத்தான் ஆய்வகத்தில் அப்படிச் சொல்வார்கள்.

"அதெல்லாம் போன வருஷமே பாத்தாச்சு. அத்தனையிலயும் கோடு இருந்துச்சு."

"போன வருஷம் பாத்த பிறகு மருந்தை யார் நிறுத்தச் சொன்னது?"

சின்னவள் கறுப்புப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். மரபணுவோடு கூடவே ஒரு காவல் மரபணுவையும் சேர்த்துத்தான் தளிருக்குள் புகுத்துவார்கள். கூழில் ஒரு நச்சு மருந்தைக் கலந்துவிட்டால், காவல் உள்ள தளிர் பச்சையாக நிற்கும், இல்லாதது வெளுத்துச் சாகும். களையெடுப்பு மாதிரி. போன வருடம் மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள் என்றபோது, தளிர்கள் சோகை பிடித்த மாதிரி இருக்கின்றன, படத்தில் நன்றாக இருக்காது, கொஞ்ச நாளைக்கு மருந்து வேண்டாம் என்றாள் சின்னவள். கொஞ்ச நாள் பதினோரு மாதமாயிற்று. பாதி உடம்பில் மரபணு ஏறியும் பாதியில் ஏறாமலும் இருந்த தளிர்களில், காவலில்லாத பகுதி தடையின்றிக் கொழுத்து மற்றதை அமுக்கியிருக்க வேண்டும். 'மேடம் சொன்னபடி இன்று முதல் மருந்து இல்லை' என்று பெரியவளின் நோட்டில் தேதியோடு இருந்தது.

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றாள் சின்னவள். "நாளையிலேருந்து நீ ஹூட்டுல உக்கார வேண்டாம். கழுவற ரூமுக்குப் போ."

*

கழுவும் அறை கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. வேலை முடிந்த பாட்டில்கள் தட்டுத் தட்டாக அங்கே வரும். முதலில் ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவிப் பாத்திரத்தில் வைத்து உள்ளே இருப்பதையெல்லாம் கொன்றுவிட வேண்டும். மரபணு மாற்றிய எதுவும் உயிரோடு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். பிறகு வெந்த கூழை வழித்துக் கொட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு பாட்டில். இரண்டாம் நாளே முழங்கை வரை தோல் ஊறிப்போயிற்று. சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல்களை அவள் அடிக்கடி துடைத்து மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் அப்பாவும் சின்னவளும் கீழே, பெரியவளும் கணவனும் மாடியில். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். முட்டி வலிக்காரர், மாடிக்கு வந்து ஒரு வருடமாவது இருக்கும். பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடிப்பைப் பிரித்தார். வாழ்நாள் முழுக்க அலுவலகத்தில் கடிதம் எழுதியே ஓய்வுபெற்றவர். எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

"ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா. தப்பா ஒண்ணும் எழுதல. கவனக் குறைவால தளிர்கள் மாறிடுச்சு, வேணும்னு செய்யலன்னுதான் எழுதியிருக்கேன். கவனக் குறைவுங்கறது குத்தமே இல்ல. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, சின்னவ பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கா."

"அவ கொடுத்தனுப்பினாளா?"

"யார் கொடுத்தனுப்பினா என்ன? அடுத்த மாசம் திட்டத்தைப் பாக்க மேலிடத்துக் குழு வருதாம். அவ பேர் கெட்டுப்போனா அப்புறம் எந்திரிக்கவே முடியாது. உனக்கென்ன, நீ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்கப்பா. எனக்கென்ன?"

அவர் காகிதத்தைத் தடவி நேராக்கினார். நைட் டியூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த கணவன், பஸ் டிரைவர், எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றான். "மாமா, கீழ போறப்ப கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. காகிதத்தை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனார். பெரியவள் அதை எடுத்து இரண்டு முறை படித்தாள். எவ்வளவு அழகான எழுத்து. ஒரு அடித்தல் இல்லை. மகளைக் குற்றவாளி ஆக்குகிற கடிதத்தைக் கை நடுங்காமல் எழுதியிருக்கிறாரே என்றுதான் அவளுக்கு ஆறவில்லை. சின்னவள் சொன்னதைவிட அதுதான் உள்ளே போய்க் குத்தியது.

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள். அவர் நோட்டைத் தொடவில்லை. "உங்க வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வராதீங்கம்மா. எனக்கு அவங்களும் வேணும், நீங்களும் வேணும்" என்றார். வெளியே வரும்போது, அவரே சின்னவளைப் போனில் கூப்பிடுவது கேட்டது.

அதன் பிறகு நடந்ததை அவள் திட்டம் போட்டுச் செய்தாள் என்று சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்காரன் தளிர்களைப் புதிய கூழுக்கு மாற்றிவிட்டுப் பழைய பாட்டில்களை அனுப்பியிருந்தான். மூடியில் சின்னவளின் எழுத்தில் தாய்ப் பாட்டில் எண்கள். உள்ளே தளிரை வெட்டியெடுத்து மிஞ்சிய கட்டைகளின் கீழ்ப்பகுதியில் அரிசி நீளத்துக்குக் குட்டித் தளிர்கள் இன்னும் உயிரோடு இருந்தன. தட்டை ஆட்டோகிளேவுக்குள் தள்ளப் போனவள் அப்படியே நின்றாள். சின்னவள் சோதிக்க மாட்டேன் என்றது இதைத்தானே. இது இப்போது தன் கையில் இருக்கிறது.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஹூட் அறைக்குப் போனாள். பன்னிரண்டரை மணி. கண்ணாடிக்காரன் மட்டும் இருந்தான். தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அக்கா, என்னை இதுல இழுத்து விட்டுடாதீங்க. எனக்கு ரெண்டு குழந்தை."

"நான் உன்னை ஒண்ணும் கேக்கலையே."

கையுறையைக் கழற்றினான். "நான் சாப்பிடப் போறேன். இன்னிக்கு ரொம்பப் பசி. வர ஒரு மணி நேரம் ஆகும்" என்றான். கதவு வரை போனவன் திரும்பி வந்து, குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டைக் கண்ணால் காட்டிவிட்டுப் போனான். நச்சு மருந்து அங்கேதான் இருந்தது.

நாலு நாள், சாப்பாட்டு நேரத்தில், நூற்றெண்பது தளிர். மருந்து கலந்த கூழில். ஒவ்வொரு மூடியிலும் தாய்ப் பாட்டிலின் எண்ணை எழுதினாள், கீழே தன் முதல் எழுத்தையும் போட்டாள். ஒளித்து வைக்க மனம் வரவில்லை. வளர்ப்பறையில் நுழைந்ததும் இடப்பக்கம், கண் மட்டத்தில் ஒரு தட்டு காலியாக இருந்தது. இருட்டில் வைக்கவேண்டிய ஆறு நாள் முடிந்ததும் அங்கேயே வரிசையாக அடுக்கினாள். ஓயாமல் எரியும் குழல் விளக்குகளின் வெள்ளை வெளிச்சத்தில் பாட்டில்களின் நடுவே அவையும் பாட்டில்கள்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாம் வாரம் தெரிய ஆரம்பித்தது. முதலில் இலை நுனியில் ஒரு மஞ்சள். பிறகு நரம்பைத் தவிர மற்ற இடமெல்லாம். மூன்றாம் வார முடிவில் அந்தத் தட்டு மட்டும் பஞ்சு முளைத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. வேலையாட்கள் உள்ளே வரும்போதும் போகும்போதும் அதைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் டீ குடிக்கிற இடத்தில் பெரியவள் வந்தால் பேச்சு நின்றது. பாட்டில் கழுவி முடித்துவிட்டுத் தினமும் ஒரு தடவை போய்ப் பார்த்தாள். வெளுக்க வெளுக்க அவளுக்குக் குரூரமான ஒரு நிம்மதி ஏற்பட்டது. அதற்காக வெட்கப்பட்டாள், ஆனாலும் மறுநாளும் போனாள்.

சின்னவள் குழு வருகிற பரபரப்பில் வளர்ப்பறைக்கு வருவதே குறைந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். பெரியவள் அப்போது உள்ளேதான் இருந்தாள்.

"என்ன இது?"

சின்னவள் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைப் படித்தாள். இன்னொன்றை எடுத்தாள். கழுத்துவரை சிவந்துபோயிற்று.

"குப்பைக்குப் போகவேண்டியதை எடுத்து வளத்திருக்கே. இது ஒண்ணு போதும், உன்னை வெளிய அனுப்பறதுக்கு. சட்டப்படி கேசே போடலாம்."

"போடு. போடறதுக்கு முன்னாடி எண்ணிடு."

சின்னவள் பாட்டிலை ஓங்கினாள். தரையில் அடிப்பாள் என்றுதான் பெரியவள் நினைத்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்தப் பாட்டிலுக்குள் இருந்த தளிர் பச்சையாக இருந்தது. கூழுக்குள் நூல் மாதிரி இரண்டு வேர் இறங்கியிருந்தது. சின்னவள் அதை விளக்குக்கு நேரே பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டு முதல் வரிசையிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். வாய் முணுமுணுத்தது. நடுவில் இரண்டு முறை தப்பவிட்டுத் திரும்ப எண்ணினாள். நூற்றெழுபத்தொன்று வெள்ளை. ஒன்பது பச்சை. ஒன்பதிலும் வேர்.

எண்ணி முடித்துச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். "உனக்கு இப்பச் சந்தோஷமா?" என்றாள்.

"நான் மாத்தல. அதை உன் வாயால சொல்லு."

"எனக்குப் பின்னாடி எவ்வளவு பேர் இந்த இடத்துக்குக் காத்திருக்காங்க தெரியுமா உனக்கு?"

"நான் மாத்தலன்னு சொல்லு."

சின்னவள் ஒன்பது பாட்டிலையும் ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு போனாள்.

குழு வந்த அன்று பெரியவளை உள்ளே கூப்பிடவில்லை. கண்ணாடிக்காரன்தான் கழுவும் அறைக்கு வந்து சொன்னான். மேடம் திரையில் அந்த வெளுத்த தட்டின் படத்தைப் போட்டார்களாம். டெக்னீஷியன் ஒருவரின் கவனக் குறைவால் கலப்பு ஏற்பட்டது, அதைத் தாங்களே கண்டுபிடித்து, மருந்திலேயே வேர்விட வைக்கிற கடுமையான முறையால் உண்மையான ஒன்பதைப் பிரித்தெடுத்துவிட்டோம் என்றார்களாம். ஒருவர் கை தட்டினாராம். திட்டத்துக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுத்துவிட்டார்களாம்.

"மூடியில என் எழுத்து இருந்துச்சே" என்றாள் பெரியவள்.

"படத்துல மூடி தெரியலக்கா."

அவன் கொண்டுவந்த தட்டை இறக்கி வைத்துவிட்டுப் போனான். அவள் கையில் இருந்த பாட்டிலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

நாலு நாள் கழித்துச் சின்னவளே வந்தாள். கழுவும் அறைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. ஈரத் தரையில் செருப்பு வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். "ஒன்பதையும் மண்ணுக்கு மாத்தணும். வேர் நீண்டுடுச்சு, இன்னும் பாட்டில்ல விட முடியாது. இன்னிக்கே மாத்தியாகணும்." கொஞ்சம் நிறுத்தி, "நாளையிலேருந்து நீ ஹூட்டுக்கே வந்துடு" என்றாள்.

பாட்டிலிலிருந்து மண்ணுக்கு மாற்றுவதுதான் இருப்பதிலேயே சிக்கலான வேலை. வேரில் ஒட்டிய கூழை வெதுவெதுப்பான நீரில் ஆட்டி ஆட்டிக் கழற்ற வேண்டும். துளி மிச்சம் இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும், துளி இழுத்தாலும் வேர் அறும். ஒன்பதில் ஒன்று போனாலும் அதன் இடத்தில் வைக்க இன்னொன்று கிடையாது. இது இருவருக்கும் தெரியும்.

"ஒரு காகிதத்துல எழுதிக் கொடு. தளிரை நான் மாத்தல, மருந்தை நிறுத்தினது நீன்னு. அப்பாவோட எழுத்து வேண்டாம், உன் எழுத்துல. வரேன்."

"குழுகிட்ட ஒண்ணு சொல்லிட்டு, இப்ப வேற மாதிரி எழுதித் தர முடியுமா? யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்."

"அப்ப அந்த ஒன்பதும் செத்தாலும் உனக்குப் பரவாயில்ல?"

பெரியவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, "நீயே நடு" என்றாள். "டாக்டர்தானே."

சின்னவள் போய்விட்டாள். பெரியவள் ஒரு தட்டுப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். இரண்டாவது தட்டை இழுத்தாள். அதைப் பாதியில் விட்டுவிட்டு, ரப்பர் கையுறையோடு பின்வாசல் வழியாக வெளியே வந்தாள்.

பசுமைக்குடில் இருபதடி தள்ளி இருந்தது. கண்ணாடிக்குள் ஈரம் பூத்திருந்தது. சின்னவள் தனியாக, அங்கியோடு தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே வெதுவெதுப்பான நீர்த் தொட்டி, ஒன்பது குட்டித் தொட்டிகள், நட்ட செடி வாடாமல் மேலே கவிழ்ப்பதற்குப் பிளாஸ்டிக் டம்ளர்கள். நாலு நட்டு முடிந்திருந்தது. மூன்று நிமிர்ந்து நின்றன, ஒன்று மண்ணில் சாய்ந்து கிடந்தது. ஐந்தாவதை இலையைப் பிடித்துத் தூக்கினாள். இலையைப் பிடிக்கக் கூடாது, அடியைத் தாங்க வேண்டும். பெரியவளின் இடது உள்ளங்கை கையுறைக்குள் தானாகவே கிண்ணமாகக் குவிந்தது. சின்னவள் வேரைத் தண்ணீரில் விட்டு ஆட்டினாள், கூழ் போகவில்லை, நகத்தால் சுரண்டினாள். ஏதோ அறுந்திருக்க வேண்டும். விரல் நுனியை முகத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு வெளியே அக்கா நிற்பதைக் கண்டாள்.

கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. சின்னவள் உதட்டை அசைக்கவில்லை, பெரியவளும் நகரவில்லை. பிறகு சின்னவள் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து ஆறாவது பாட்டிலின் மூடியைத் திறந்தாள். இப்போது அவளுடைய கை தெரியவில்லை. பெரியவள் கண்ணாடியில் பூத்திருந்ததைத் துடைக்கப் பார்த்தாள். ஈரம் உள்பக்கம் இருந்தது. கையுறையின் சோப்பு நுரைதான் வெளிப்பக்கம் ஒரு கோடாக இழுபட்டு, மெல்ல வழிந்து இறங்கியது.